ஒன்பதாவது மீன்

"நாலு மணிக்குக் கப்பல் கரை பிடிக்கும். நாலேகாலுக்கு அந்தப் பொண்ணு பெட்டியோட இறங்கியாகணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு விசாரணை அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது," என்றார் கேப்டன்.

விசாரியுங்கள் என்று சொல்கிற குரல் இல்லை அது. விசாரித்தாகிவிட்டது என்று எழுதித் தாருங்கள் என்கிற குரல். கப்பலின் பாதுகாப்பு அதிகாரிக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது; கண் மட்டும் நரைக்கவில்லை. அதனால்தான் சமையல்கட்டிலிருந்து இயந்திர அறை வரை எல்லோரும் அவளைக் கழுகம்மா என்றார்கள்.

"மணி இப்ப பன்னிரண்டே முக்கால். மூணு மணி நேரம் இருக்கு சார். நிஜமாவே விசாரிச்சுட்டே எழுதறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் காத்திருந்த உதவியாளன் எதுவும் கேட்காமல் பின்னாலேயே நடந்தான். முப்பது வயது ஆசாமி. எப்போதும் அவள் பின்னாலேயே போவதால் அவனுக்கு வால் என்று பெயர். குணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தியது.

நடந்தது இதுதான். காலை பதினொன்று நாற்பதுக்கு, ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தை ஒன்று எட்டாவது தளத்துப் படிக்கட்டின் மேல்படியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பெரியவர்களின் நீச்சல் குளம் பத்தடி தூரம். நடுவில் வேலியும் இல்லை, ஆளும் இல்லை. துடைப்பத்தோடு வந்த துப்புரவுக்காரர் கண்ணில் பட்டதால் குழந்தை பிழைத்தது. ஏழாவது தளத்து மழலை அறையில் விட்ட குழந்தை அது. அறைப் பதிவேட்டில் 'பத்தேகால் மணிக்குத் தாயிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. தாயோ, பதினொன்றே முக்கால் வரை தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன், யார் என் பிள்ளையை என்னிடம் கொடுத்தார்கள் என்று கேட்டு அழுதாள்.

எழுதிய கை சின்னவளுடையது. மழலை அறையில் இரண்டே இரண்டு பேர். தலைமைப் பராமரிப்பாளர் பெரியக்கா. அவருக்குக் கீழே சின்னவள். குழந்தைகள் வைத்த பெயர்கள்தான் கப்பலுக்கே நிலைத்துவிட்டன.

சின்னவள் பாதுகாப்பு அலுவலகத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்துமூன்று. சீருடைச் சட்டையில் நீல வண்ணக் கறை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"குழந்தையை யார்கிட்ட கொடுத்தே?"

"ஞாபகம் இல்லை மேடம்."

"ஆணா, பொண்ணா?"

"நான்தான் தப்பு பண்ணிட்டேன் மேடம். எழுதிக்கோங்க."

"எழுதிட்டா என்ன ஆகும் தெரியுமா? எந்தக் கப்பல்லயும், எந்தப் பள்ளிக்கூடத்துலயும் உன்னைக் குழந்தைங்க பக்கம் விடமாட்டாங்க. ஆயுசு முழுக்க."

சின்னவள் சட்டைக் கறையை விரலால் தேய்த்தாள். "அந்த அளவுக்குப் போகாது மேடம். எச்சரிக்கையோட விட்டுடுவாங்க," என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்ததைப் போல அது அத்தனை சீராக வந்தது.

"வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத பொண்ணு," என்றான் வால், வெளியே வந்ததும். "அந்த அறையில இருக்கிற மத்தவங்க எல்லாம் விரலை வச்சா துண்டா எடுத்துடுவாங்க. போன வாரம் எனக்கே நடந்துச்சு."

"யாரையோ காப்பாத்தறா."

"தன்னையே காப்பாத்திக்கத் தெரியாதவங்களுக்கு அடுத்தவங்களைக் காப்பாத்தற வேகத்தைப் பாருங்க."

மழலை அறையில் தூக்க நேரம். திரை இழுத்து, விளக்கைத் தணித்து, வேறு தளத்திலிருந்து வந்த இரண்டு மாற்றுப் பெண்கள் காவல் இருந்தார்கள். எட்டுச் சின்னக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு படம் ஒட்டியிருந்தது: முயல், யானை, ஆமை, கிளி என்று. பெயர் படிக்கத் தெரியாத வயதல்லவா. முயல் படம் ஒட்டிய குழந்தைக்கு முயல் கட்டில், முயல் கோப்பை, முயல் பை. ஒரு பராமரிப்பாளருக்கு நான்கு குழந்தைகள் என்பது கம்பெனி விதி. இரண்டு பேருக்கு எட்டு. ஆகவே படங்களும் எட்டுத்தான்.

கழுகம்மா பதிவேட்டைப் புரட்டினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்கு ஏழு குழந்தைகள் வந்திருக்கின்றன. முன்பதிவு செய்த கிளி வரவில்லை. அந்த இடத்தில் ஒன்பது பத்துக்கு, பிறகு படிக்கட்டில் கிடைத்த நம் குட்டியைச் சேர்த்திருக்கிறார்கள். பத்தேகாலுக்குக் குட்டி வெளியே. பத்து இருபதுக்குக் கிளி உள்ளே. எட்டைத் தாண்டவே இல்லை. பதினொரு மணிக்குத் திடீர்ச் சோதனைக்கு வந்த கம்பெனி ஆய்வாளரும் தலைகளை எண்ணி, எட்டு என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அவரை இந்த அறைக்கு அழைத்து வந்தது கழுகம்மாதான்.

"மேடம், இந்தப் படம் காயுது பாருங்க, நல்லா இருக்குல்ல?" என்றான் வால்.

சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் ஒரு நீளத் தாள் தொங்கியது. தாள் முழுக்க நீலக் கடல். கடலில் மீன்கள். ஒவ்வொரு மீனும் ஒரு பிஞ்சுக் கையின் அச்சு. விரல்கள் வால், உள்ளங்கை வயிறு. பக்கத்தில் ஒரு கண்ணும் வரைந்து, வயிற்றில் அந்தந்தக் குழந்தையின் படத்தை ஒட்டியிருந்தார்கள். முயல் மீன், யானை மீன், ஆமை மீன்.

"எண்ணு."

வால் எண்ணினான். நின்றான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். "ஒன்பது. எட்டுக்குப் படம் ஒட்டியிருக்கு. ஒண்ணு மட்டும் மொட்டை."

"கைவண்ண விளையாட்டு எத்தனை மணிக்குன்னு அந்த நேர அட்டவணைப் பலகையில பாரு."

"பத்தரை." அவன் விசிலடிக்கப் போய், தூங்குகிற குழந்தைகளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். "பத்தேகாலுக்கு வெளியே போன குழந்தை, பத்தரைக்கு மேல கையைப் பதிச்சிருக்கு. கை மட்டும் ஓவர்டைமா?"

கழுகம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையை யாரிடமும் கொடுக்கவே இல்லை. பத்தரைக்கு அறையில் ஒன்பது பேர் இருந்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தபோது எட்டுப் பேர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக ஒரு முழுக் குழந்தையை மறைத்திருக்கிறார்கள். எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. பின்பக்கம் பொம்மைச் சாமான் அறை. உள்ளே ஒரு தள்ளுவண்டி, அதில் கசங்கிய போர்வை. அந்த அறைக்குப் பணியாளர் நடைபாதைப் பக்கம் இன்னொரு கதவு. அதன் கொண்டி சரியாக விழவில்லை. நடைபாதையில் ஆறடி தள்ளி மாடிப்படி.

"தூங்கிட்டிருந்தது முழிச்சு, கதவைத் தள்ளி, படியேறிப் போயிருக்கு," என்றாள்.

"சோதனை வரப்போகுதுன்னு தெரிஞ்சாத்தானே மறைக்கணும்? தெரிஞ்சது யார் யாருக்கு?"

"மூணே பேர். கேப்டன், ஆய்வாளர், நான்."

"ஆய்வாளர் அவருக்கே சொல்லிக்க மாட்டார். கேப்டன் இந்தத் தளத்துக்கு வந்து வருஷமாச்சு. அப்ப குற்றவாளி நீங்கதான் மேடம். கையை நீட்டுங்க, விலங்கு மாட்டறேன்."

"வாயை மூடிட்டு வா. குழந்தையைப் பார்க்கணும்."

மாற்றுப் பெண்களில் ஒருத்தியிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். கைவண்ணத்துக்கு முன்னால் குழந்தைகளின் காலுறைகளைக் கழற்றுவீர்களா? கழற்றுவோம், வண்ணம் என்றால் கால் வரைக்கும்தான் போகும், கழுவித் துடைத்த பிறகுதான் மறுபடி போட்டுவிடுவோம் என்றாள் அவள். கழுகம்மாவுக்கு அது போதும். குட்டிக்குக் கடைசியாகக் காலுறை போட்ட கைதான் அவளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்த கை.

குட்டியின் தாய் கதவைத் திறந்தாள். கட்டிலில் குட்டி ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கியது. நகக்கண்ணில் இன்னும் நீலம்.

"அந்தப் பொண்ணை இறக்கிவிடப் போறீங்கதானே?" தாயின் குரல் உடைந்தது. "பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்லைங்க. காலையில இடம் இல்லைன்னுதான் சொன்னாங்க. அந்தப் பெரியம்மா என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு குழந்தை வரலை, விட்டுட்டுப் போம்மா, நிம்மதியாத் தூங்குன்னாங்க. போனைக்கூட அணைச்சுட்டுப் படுத்தேன். அவங்க தங்கம். அந்தச் சின்னப் பொண்ணுக்குத்தான் பொறுப்பே இல்லை. காலுறையைக்கூட ஒழுங்காப் போட்டுவிடலை, பாருங்க!"

போர்வையை விலக்கிக் காட்டினாள். மஞ்சள் காலுறை. உள்பக்கம் வெளியே இருந்தது. விரல் நுனியில் தையல் வரி தடிப்பாகத் தெரிந்தது.

"ரெண்டு காலுமா?" என்று குனிந்தான் வால். "ஒண்ணு மாறிப் போனா அவசரம். ரெண்டும் மாறிப் போனா..."

அவன் நிமிர்ந்து கழுகம்மாவைப் பார்த்தான். கேலி நின்றுவிட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

கப்பலில் காலுறையை உள்பக்கம் வெளியே வைத்துப் போடுகிற ஆள் ஒருவர்தான். தையல் உள்ளே இருந்தால் குழந்தைக்கு விரலை அறுக்கும், அதற்குச் சொல்லத் தெரியாது, சிணுங்கத்தான் தெரியும் என்பார். தன் காலுக்கும் அப்படித்தான் போடுவார். போன மழைக்காலத்தில் கழுகம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, கண் விழித்துப் பார்த்தால் அவள் காலிலும் காலுறை அப்படித்தான் இருந்தது. ஒன்பது வருடமாக ஒரே அறையில் மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலுமாகப் படுக்கிற பெரியக்கா. தாய்க்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. அக்கறைதான் அங்கே ஆளைக் காட்டிக் கொடுத்திருந்தது.

தங்கள் அறை வாசலில் வாலை நிறுத்தினாள். "இங்கேயே இரு."

"கதவு லேசாத் திறந்திருந்தா காது தானாக் கேக்கும் மேடம்."

"கேக்கட்டும்."

பெரியக்கா கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து ஒரு குழந்தைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் முதல் கேள்வி, "சாப்பிட்டியாடி?" என்பதுதான். எந்த நாளும் அதுதான் முதல் கேள்வி.

"குட்டிக்குக் காலுறை போட்டது நீங்கதானேக்கா?"

ஊசி நின்றது. பெரியக்கா மறுக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார், சட்டையை மடித்து வைத்தார்.

"கிளி வரலைன்னு அந்த இடத்தைக் கொடுத்தேன். பத்து இருபதுக்குக் கிளியைத் தூக்கிட்டு அவங்கப்பா வந்து நிக்கறார். பதிவு பண்ணின பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்பறது? குட்டியோட அம்மாவுக்குப் போன் போட்டேன், போட்டேன், எடுக்கவே இல்லை. இருபத்தாறு வருஷத்துல என் அறையில எண்ணிக்கை ஒருநாளும் தப்பினதில்லைடி. ஓய்வு பெற இன்னும் ரெண்டு மாசம். கழுவித் துடைச்சு, தூங்கவச்சு, கால் மணி நேரம்தானேன்னு உள்ளே தள்ளிட்டு வந்தேன். அந்த ஆய்வாளர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துட்டார்."

"தப்பு. பெரிய தப்பு. ஆனா ஒத்துக்கிட்டிருந்தா நானே உங்களுக்காகக் கேப்டன்கிட்ட பேசியிருப்பேன். அந்தப் பொண்ணு தலையில ஏன் கட்டினீங்க?"

"அவதானே எழுதினா?"

"நீங்க சொல்லி எழுதினா."

"அதுக்கு சாட்சி?" பெரியக்காவின் குரல் மாறவே இல்லை. குழந்தைக்குக் கதை சொல்கிற அதே மெதுவான குரல். "அவ சின்ன வயசு. வேற ஏதாவது வேலை பார்த்துக்குவா. நான் இந்த வயசுல கெட்ட பேரோட எங்கே போவேன்?"

"சோதனை வரப்போகுதுன்னு யார் சொன்னாங்க உங்களுக்கு?"

பெரியக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் வியப்புகூட இருந்தது.

"நீதான்."

"நானா?"

"பத்து மணிக் காபிக்கு வந்தியே. இன்னிக்குப் பதினொன்றரைக்கு உங்ககூட சாப்பிட முடியாதுக்கா, பதினோரு மணிக்கு உங்க தளத்துக்கு ஒரு பெரிய மனுஷரைக் கூட்டிட்டு வரணும், உங்களுக்கென்ன, உங்க அறை கண்ணாடின்னு சிரிச்சியே. யாருன்னு எனக்குத் தெரியாதா?"

கழுகம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொன்னாள்தான். ரகசியம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், அக்காவிடம் சொல்வதில் என்ன என்று சொன்னாள். மூன்று பேருக்கு மட்டும் தெரிந்ததை நான்காவது ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அவள் வாய்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்.

"அதான் எனக்குப் பயம் இல்லை," என்றார் பெரியக்கா. "நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும். கண்டுபிடிச்சாலும் சொல்ல மாட்டேன்னும் தெரியும். என் பேரைச் சொன்னா, சோதனை எனக்கு எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுதுன்னு கேப்டன் கேப்பார். அப்ப உன் வேலையும் போகும். போ, முகத்தைக் கழுவிட்டு வா. ரெண்டு வாய் சாப்பிடு."

ஒன்பது வருடம். வெளியில் எத்தனையோ திருட்டையும் பொய்யையும் பார்த்தவள் இந்த ஓர் அறைக்குள் மட்டும் கண்ணை மூடித் தூங்கினாள். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். தன் பாசத்தை ஒருத்தர் இத்தனை நாளும் அளந்து பார்த்து, இவ்வளவு தூரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாரே என்கிற வெட்கம்.

"பசிக்கலை," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வால் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தான். நான்கு தட்டுப் படி ஏறும் வரை அவன் பேசவில்லை. அவன் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

"மேடம், விலங்கு மாட்டறேன்னு நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"எனக்கு இப்பக் காதே சரியாக் கேக்கறதில்லை. அங்கே என்ன பேசினீங்கன்னு ஒண்ணும் விழலை."

அவள் நின்று அவன் தோளைத் தட்டினாள். "விழுந்ததுன்னே சொல்லு. எனக்கு சாட்சி வேணும்."

கேப்டன் அறையில் சின்னவள் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மணி மூன்றரை. சன்னலுக்கு வெளியே கரை தெரிய ஆரம்பித்திருந்தது.

"கையெழுத்தாச்சா?" என்றார் கேப்டன்.

"ஆச்சு சார். ரெண்டு பேர் மேல குற்றம் எழுதியிருக்கேன். சோதனை நேரத்தை வெளியே சொன்ன குற்றம், பாதுகாப்பு அதிகாரி. அதாவது நான். அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் குழந்தையைப் பொம்மை அறையில மறைச்ச குற்றம், மழலை அறைத் தலைமைப் பராமரிப்பாளர். இந்தப் பொண்ணு பண்ணினது ஒண்ணுதான். பெரியவங்க சொன்ன நேரத்தை அப்படியே எழுதினா."

"இல்லை மேடம்!" சின்னவள் துள்ளி எழுந்தாள். "பெரியக்கா ஒண்ணும் பண்ணலை. நான்தான், நான்தான்..."

கேப்டன் கழுகம்மாவை நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நீங்க சொல்ற அந்த அம்மாதான் முதல்ல எனக்குப் புகார் எழுதினாங்க. இந்தப் பொண்ணை இன்னிக்கே இறக்கிடணும், இனிமே எந்தக் குழந்தையையும் இவ கையில நம்பிக் கொடுக்கக் கூடாதுன்னு அவங்க கைப்பட எழுதியிருக்காங்க."

"அக்காவா?" என்றாள் சின்னவள். "இருக்காது சார்."

கழுகம்மா அந்தத் தாளை வாங்கி அவள் கையில் கொடுத்தாள். கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. கிளிக்கும் முயலுக்கும் தினமும் குறிப்பு எழுதுகிற அந்த உருண்டைக் கையெழுத்து சின்னவளுக்குத் தெரியாதா? இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை தாளின் மேல்மூலையை மட்டும் பார்த்தாள். கேப்டன் அலுவலகத்தில் பெற்றுக்கொண்ட நேரத்தை முத்திரை குத்தியிருந்தார்கள்.

"இது வந்து சேர்ந்தது எத்தனை மணிக்கு சார்?"

"அதான் போட்டிருக்கே. சரியாப் பன்னிரண்டு."

கப்பல் ஊதியது. சின்னவள் தாளை மடிக்காமல் அப்படியே மேசைமேல் வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"பன்னிரண்டரைக்குத்தான் மேடம் பெரியக்கா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. எனக்காக ஏத்துக்கோம்மா, நான் கேப்டன் கால்ல விழுந்தாவது உன்னைக் காப்பாத்தறேன்னாங்க. நானும் அவங்க கண்ணைத் துடைச்சுவிட்டேன்."